துப்பாக்கி சேஃபின் மாற்றுச் சாவிக்கு அரிசிப் பானை வேண்டாம்

கேள்வி: குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பரும் வாழையும் மரச்சீனியும் உண்டு. அப்பா வைத்திருந்த 12 போர் (bore) இரட்டைக் குழல் துப்பாக்கியின் உரிமம் இப்போது என் பெயரில் இருக்கிறது. எண் அழுத்தித் திறக்கும் உயரமான சேஃப் ஒன்று வாங்கிப் படுக்கையறையில் வைத்திருக்கிறேன். கூடவே இரண்டு தாக்கோல் (சாவி) தந்தார்கள். ஒன்று பைக் தாக்கோலோடு சேர்ந்து கிடக்கிறது. மற்றதை வீட்டுக்காரி அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருக்கிறாள். லீவுக்கு வரும் பேரனுக்கு 11 வயது, அவன் கை போகாத இடமில்லை. ரப்பர் பால் வெட்ட வருகிறவர்கள் விடியுமுன்னே முற்றத்தில் நடமாடுவார்கள். அடுத்த வீட்டு மச்சானிடம் ஒன்றைக் கொடுத்து வைக்கலாமா? பஜாரில் மூன்றாவதாக ஒன்று வெட்டிக்கொள்ளலாமா? வீட்டிலேயே வைப்பதானால் எங்கே வைக்க?

பதில்:

ஐயா, முதலில் இன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பைக் கொத்திலிருந்து அந்தச் சாவியைக் கழற்றுங்கள். பைக் சாவி சர்வீஸ் கடைக்குப் போகும், டீக்கடை மேசையில் கிடக்கும், 'ஒரு நிமிஷம் வண்டியைக் கொடு' என்று கேட்பவர் கைக்கும் போகும். அதோடு சேர்ந்து சேஃப் சாவியும் ஊர் சுற்றுகிறது. பானைக்குள் இருப்பதையும் எடுத்துவிடுங்கள். கீழே சொல்லும் ஏற்பாடு முடியும்வரை இரண்டும் ஒரு கவரில் உங்கள் உடம்போடு இருக்கட்டும், தூங்கும்போதும்தான்.

அடுத்து, உங்கள் கேள்வியிலேயே ஒரு சின்னத் திருத்தம். நீங்கள் ஒன்றை அசல், ஒன்றை மாற்று என்று எண்ணுகிறீர்கள். எண் அழுத்தித் திறக்கும் சேஃபுக்கு அன்றாடத் தேவைக்கு உங்கள் மனதில் இருக்கும் எண்ணே போதும். சாவி இரண்டும் பேட்டரி தீர்ந்தாலோ எண் பலகை பழுதானாலோ மட்டும் தேவைப்படும் அவசரச் சாவிகள். அதாவது இரண்டுமே மாற்றுச் சாவிதான். ஒன்றுகூட உங்கள் சட்டைப் பையிலோ வண்டியிலோ மேசை இழுப்பறையிலோ இருக்கத் தேவையில்லை. 'கைக்கு எட்டும் இடத்தில் ஒன்று வேண்டுமே' என்ற எண்ணத்தை விட்டுவிட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்கிறது.

மீதிப் பாதி இது. சாவியை ஒளித்து வைப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு. அரிசிப் பானை, மாதா படத்தின் பின்பக்கம், சாமி அறை விளக்கின் அடி, கடிகாரத்துக்குள், மின் மீட்டர் பெட்டியின் மேல், பீரோவின் தலை, மச்சில் கிடக்கும் பழைய டிரங்குப் பெட்டி, புகைக்கூடத்து உத்தரம் எல்லாமே ஒளிக்கும் இடங்கள்தான். இவற்றில் ஒன்றைப் பெரியவர்கள் மறக்கலாம். பேரன் மறக்க மாட்டான். ஒரு முறை பாட்டி பானைக்குள் கையை விட்டதைப் பார்த்திருந்தால் போதும். திருடனுக்கும் இந்த இடங்கள் புதிதல்ல. வீட்டில் நகை தேடுகிறவன் முதலில் கொட்டிப் பார்ப்பதே அரிசியையும் பருப்பையும்தான். ஆகவே விதி ஒன்றே: சேஃப் சாவி எப்போதும் இன்னொரு பூட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

அந்த இன்னொரு பூட்டுக்கும் சாவி இருந்தால் அதை எங்கே வைப்பது? அதற்கு இன்னொரு பெட்டி, அந்தப் பெட்டிக்கு இன்னொரு சாவி என்று இது முடிவில்லாமல் போகும். இந்தச் சங்கிலி இரண்டே இடங்களில்தான் நல்லபடியாக முடியும்: உங்கள் ஒருவர் மனதில் மட்டும் இருக்கும் எண்ணில், அல்லது உங்கள் கையெழுத்து இல்லாமல் திறக்காத, வீட்டுக்கு வெளியே உள்ள இடத்தில். உங்களிடம் சாவி இரண்டு இருப்பதால் ஒன்றை ஒரு வழியிலும் மற்றதை இன்னொரு வழியிலும் வைக்கலாம்.

முதல் சாவி: வங்கி லாக்கர்

நகைக்காக லாக்கர் வைத்திருப்பீர்கள். இல்லையென்றால் இதற்காகவே ஒரு சிறிய லாக்கர் எடுத்தாலும் தவறில்லை. வாடிக்கையாளர் சாவியும் வங்கியின் சாவியும் சேர்ந்தால்தான் அது திறக்கும். யார் எப்போது திறந்தார் என்ற பதிவும் அங்கே இருக்கும். வீட்டில் இவை இரண்டுக்கும் வழியில்லை. ஒன்று மட்டும் கவனம். லாக்கர் ஒப்பந்தப்படி ஆயுதமும் வெடிபொருளும் உள்ளே வைக்கக் கூடாது. சாவி ஆயுதமல்ல, தாராளமாக வைக்கலாம். 'கூடவே மிச்சமிருக்கும் நாலு தோட்டாவையும் போட்டுவிடலாமே' என்று தோன்றினால், கூடாது.

சாவியை அப்படியே போட வேண்டாம். சிறிய ஜிப் கவரில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு சாவியைப் போடுங்கள். அதைக் காகித உறைக்குள் வைத்து ஒட்டி, ஒட்டிய மடிப்பின் மேல் குறுக்காகக் கையெழுத்திட்டுத் தேதி எழுதுங்கள். கையெழுத்தின் மேல் அகலமான ஒளிபுகு டேப் ஒன்றை ஒட்டிவிடுங்கள். யாராவது பிரித்து மறுபடி ஒட்டினால் கையெழுத்துக் கோடுகள் சேராது. உறையின் மேல் 'துப்பாக்கி' என்றோ 'சேஃப்' என்றோ எழுத வேண்டாம். உங்களுக்கு மட்டும் புரியும் ஒரு எழுத்து போதும்.

லாக்கர் உங்கள் ஒருவர் பெயரில் இருந்து மனைவி நாமினியாக இருப்பது இதற்கு நல்லது. ஏற்கனவே கூட்டுப் பெயரில் இருக்கிறதென்றால் மாற்றி அலைய வேண்டாம், முத்திரையிட்ட உறை இருக்கிறது.

இரண்டாம் சாவி: வீட்டுக்குள் எண் பூட்டுப் பெட்டி

இதை வாங்குமுன் சேஃபின் கையேட்டை ஒரு முறை பாருங்கள். பேட்டரி தீர்ந்தால் வெளியிலிருந்தே மின்சாரம் கொடுக்கும் வழி சில மாடல்களில் உண்டு. எண் பலகையின் அடியில் இரண்டு உலோகப் புள்ளிகளோ, வெளிப் பேட்டரிப் பெட்டியை மாட்டும் துளையோ இருக்கும். உங்களுடையது அப்படியானால் வீட்டில் சாவியே தேவையில்லை. இரண்டாவது சாவியையும் வேறொரு உறையில் வெளியே அனுப்பிவிடலாம். பேட்டரி கதவின் உட்பக்கம் இருந்து, வெளியே எந்த வழியும் இல்லையென்றால் மட்டும் வீட்டில் ஒரு சாவி வேண்டும்.

கடையிலும் இணையத்திலும் சுவரில் பொருத்தும் சாவிப் பெட்டிகள் பல கிடைக்கின்றன. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் இவற்றின் பூட்டுக்குள் பெரிய வித்தியாசம் உண்டு.

மூன்று சக்கர எண் பூட்டில் 1,000 சேர்க்கைகள். ஒன்றுக்கு 2 வினாடி என்று வைத்தால் மொத்தமும் முயன்று பார்க்க அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் ஆகும். மழை நாளில் டிவி ஓடாத வீட்டில் 11 வயதுப் பையனுக்கு அது ஒரு விளையாட்டு. நான்கு சக்கரம் என்றால் 10,000 சேர்க்கை. அதே வேகத்தில் ஐந்தரை மணி நேரம். அதனால் நான்கு சக்கரத்துக்குக் குறைவாக வாங்க வேண்டாம்.

பொத்தான் அழுத்தும் இயந்திரப் பூட்டுகளில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. பத்துப் பொத்தான் உள்ளதால் நான்கு சக்கரத்துக்குச் சமம் என்று நினைப்போம். ஆனால் இவற்றில் பலவற்றுக்கு அழுத்தும் வரிசை ஒரு பொருட்டே அல்ல. 2-5-7-9 என்றாலும் 9-7-5-2 என்றாலும் திறக்கும். வரிசை கணக்கில் இல்லாதபோது பத்தில் நான்கைத் தேர்வதற்கு 210 வழிகள்தான் உண்டு. ஒரு முயற்சிக்கு 5 வினாடி என்றாலும் 18 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எத்தனை பொத்தான் என்பது தெரியாவிட்டாலும் எல்லாச் சேர்க்கையும் சேர்ந்து 1,024 மட்டுமே. விவரத் தாளில் இது இருக்காது. கடையிலேயே ஒரு எண்ணை வைத்து வரிசையை மாற்றி அழுத்திப் பாருங்கள். திறந்தால் வேறு பெட்டி கேளுங்கள்.

பேட்டரியில் ஓடும் சாவிப் பெட்டியும் வேண்டாம். ஒரு பேட்டரி தீர்ந்ததற்காக எடுக்க வேண்டிய சாவி, பேட்டரி தீர்ந்த இன்னொரு பெட்டிக்குள் இருக்கும். கைரேகைப் பூட்டைக் கடைக்காரர் மெச்சிச் சொல்வார். நீங்களே பால் வெட்டுகிறவர், ஷீட் அடிக்க ஆசிட் கலக்குகிறவர் என்றால் விரல் ரேகை தேய்ந்தும் உரிந்தும் இருக்கும். அவசரத்துக்கு அது வாசிக்காது.

எண்ணைத் தேர்வதில் வழக்கமான தவறுகள் மூன்று: பிறந்த வருடம், வண்டி எண், சேஃபுக்கு வைத்த அதே எண். முதல் இரண்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதில் இரண்டு பூட்டும் ஒன்றாகிவிடுகிறது. பெட்டியை மூடியபின் நான்கு சக்கரங்களையும் கலைத்துவிடுங்கள். பலர் கடைசிச் சக்கரத்தை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார்கள். அப்போது மிஞ்சுவது பத்துச் சேர்க்கைதான்.

பொருத்துவதில்தான் நம் பகுதி வீடுகளில் அதிகம் தவறுகிறது. பெட்டியோடு வரும் நான்கு திருகாணியும் பிளாஸ்டிக் கட்டையும் படம் மாட்ட மட்டுமே உதவும். பழைய வீடு வெட்டுக்கல் சுவராக இருந்தால், கல் மென்மையானது. விரியும் ஆங்கர் போல்ட்டை இறுக்க இறுக்கத் துளை பெரிதாகி போல்ட் சுற்றும். ஹாலோ பிளாக் சுவரில் போல்ட் வெற்றிடத்தில் நிற்கும், ஒரு கடப்பாரை நெம்பலில் கையோடு வரும். இரண்டு வகைக்கும் கான்கிரீட்டைத் தேடிப் போக வேண்டும்: தூண், லிண்டல், மச்சின் கீழ்ப் பலகை. அங்கே 8 மி.மீ. ஆங்கர் போல்ட் இரண்டு, முடிந்தால் நான்கு. துளையின் ஆழம் குறைந்தது 60 மி.மீ., அகலம் போல்ட் உறையில் எழுதியுள்ளபடி. துளையிட்டதும் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து வெளியேற்ற வேண்டும். தூசி இருந்தால் போல்ட் பிடிக்காமல் வழுக்கும். பூசின சிமெண்டின் தடிமனை ஆழத்தில் சேர்த்துக் கணக்கிட வேண்டாம், அது பிடிமானம் தராது.

துளையிட ஆள் கூப்பிட மனமில்லையென்றால் இன்னொரு வழி உண்டு, எனக்கு இதுவே பிடித்தது. வீட்டு இரும்பு பீரோவின் உள் லாக்கர் அறைக்குள் பெட்டியை வைத்து, பெட்டியின் முதுகிலுள்ள துளைகள் வழியே இரும்புத் தகட்டில் நட்டு போல்ட்டால் முடுக்கிவிடுவது. நட்டு, திறந்த பெட்டிக்குள் இருந்து மட்டும் தெரிய வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அப்படி ஒரு பெட்டி இருப்பதே தெரியாது. பீரோ பூட்டு, எண் பூட்டு என்று இரண்டு தடைகளும் வந்துவிடும். பீரோ மட்டும் சேஃப் இருக்கும் அறையில் இருக்கக் கூடாது. ஒரே அறையில் இரண்டும் இருந்தால், கதவைத் தாழிட்டுக்கொண்டு நிதானமாக வேலை பார்க்க வந்தவருக்கு வசதி.

பலர் செய்யும் ஒரு காரியத்தை இங்கே சொல்ல வேண்டும். சேஃபோடு வந்த சாவிகளை அதே சேஃபுக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்கள். 'பத்திரமாக இருக்கட்டும்' என்றுதான். பேட்டரி தீரும் நாளில் சேஃபை உடைப்பதைத் தவிர வழியிருக்காது.

சாவியைச் சோதிப்பது

தொழிற்சாலையில் வெட்டியபடியே கிடக்கும் மாற்றுச் சாவி முதல் முறையாகப் பூட்டுக்குள் போவது அவசர நாளில் என்றால் அது சரியாக வேலை செய்யும் என்று நம்பக் கூடாது. விளிம்பில் பிசிர் இருக்கலாம், ஒரு பல் அரை மி.மீ. உயரமாக இருக்கலாம். உள்ளே சிக்கிக்கொண்டால் பதற்றத்தில் திருகுவோம். இந்தச் சாவிகள் பலவும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. வளையாது, சட்டென்று முறியும். முறிந்த துண்டு பூட்டுக்குள்ளேயே நிற்கும்.

சோதனையைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். எண்ணை அழுத்திச் சேஃபைத் திறங்கள். துப்பாக்கியை வெளியே எடுத்து, குழலை மடக்கித் திறந்து இரண்டு அறையும் காலி என்று கண்ணால் பார்த்து, கைக்கு அருகில் வையுங்கள். கதவு திறந்தே இருக்க, கைப்பிடியைத் திருப்பி, பூட்டுத் தண்டுகளை வெளியே நீட்டுங்கள். இப்போது பிளாஸ்டிக் மூடியை நீக்கி, சாவியைப் போட்டுத் தண்டுகளை உள்ளே இழுங்கள். மூன்று முறை. அதே போல மற்ற சாவியாலும் மூன்று முறை. எங்காவது பிடித்தால் நிறுத்திவிட்டு, விற்ற கடையிடம் கேளுங்கள். அரம் எடுத்து நீங்களே தேய்க்க வேண்டாம். மூன்றும் சரியானால் கதவை மூடி ஒரு முறை. கதவு மூடியிருக்கும்போது சாவி சிக்கினால் தப்ப வழி இல்லை என்பதற்காகவே இந்த வரிசை.

ஆண்டுக்கு இரண்டு தடவை போதும். நமக்கு இரண்டு மழையும் உண்டு என்பதால் தேதி தானே அமைகிறது: தென்மேற்குப் பருவமழைக்கு முன் மே மாதம் ஒன்று, வடகிழக்குக்கு முன் அக்டோபர் தொடக்கத்தில் ஒன்று. அன்றைக்கே லாக்கருக்குப் போய் உறையின் கையெழுத்தையும் பாருங்கள். லாக்கரைப் பல ஆண்டுகள் திறக்காமல் போட்டு வங்கியிலிருந்து கடிதம் வருவதும் இதனால் தவிரும்.

அந்த மே மாதச் சோதனையில் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள், தீர்ந்திருக்காவிட்டாலும். பெரும்பாலும் ஏஏ அளவில் நான்கு. ஆல்கலைன் வாங்குங்கள்; மலிவான கார்பன் பேட்டரி நாளடைவில் கசிந்து முனைகளை அரித்துவிடும். பழசும் புதுசும் கலக்க வேண்டாம். இதை ஒழுங்காகச் செய்தால் அவசரச் சாவி ஒரு நாளும் அவசரத்துக்குத் தேவைப்படாது.

பூட்டுத் துளையில் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஒரு வாரம் வழவழப்பாக இருக்கும், பிறகு காறலெடுத்துப் பிசுபிசுத்துத் தூசியைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். கிராஃபைட் தூளைச் சாவியில் லேசாகத் தடவி நாலு முறை உள்ளே விட்டு எடுத்தால் போதும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றால் இரும்புச் சாவி துருவேறும். துருச் செதில் உதிர்ந்து பூட்டுக்குள் போகும். சோதனையன்று மெல்லிய மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உலர்த்திவிட்டு உறையில் போடுங்கள். சாவிப் பெட்டிக்குள்ளும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் கிடக்கட்டும்.

மூன்றாவது சாவி

வேண்டாம். காரணம் மூன்று. பஜாரில் வெட்டும் இயந்திரம் சாதாரணத் தட்டைச் சாவிக்கு ஏற்றது. குழல் வடிவ அவசரச் சாவியிலும் இருபுறம் பல் உள்ள லிவர் சாவியிலும் கொஞ்சம் தவறினாலும் பூட்டின் உள் உறுப்பு கெடும். இரண்டாவது, வெட்டிக் கொடுப்பவர் உங்கள் சாவியின் அளவைக் கையில் வாங்குகிறார், எதற்கு என்றும் கேட்பார். மூன்றாவதுதான் முக்கியம். ஒவ்வொரு கூடுதல் சாவிக்கும் மேலே சொன்ன ஏற்பாடு முழுவதும் மறுபடி செய்ய வேண்டும். சாவியை வாட்ஸ்அப்பில் படம் பிடித்து 'இது போல் ஒன்று கிடைக்குமா' என்று கடைக்கு அனுப்புவதும் சாவியையே கொடுப்பதற்குச் சமம். பல்லின் உயரம் படத்தில் தெளிவாகத் தெரியும்.

சாவியில் பொறித்த எண்ணையோ கூட வந்த சின்னத் தகட்டையோ கவனியுங்கள். அந்த எண் தெரிந்தால் தயாரிப்பாளரிடம் சாவி வரவழைக்க முடியும். தகட்டைச் சாவியோடு விடாமல் பிரித்து, எண்ணைச் சேஃப் ரசீதோடு சேர்த்து வையுங்கள்; ரசீது லாக்கரில் இருக்கட்டும்.

பழைய வீட்டில் அப்பா காலத்து இரும்புப் பெட்டியை இன்னும் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கு எத்தனை சாவி இருந்தன, எங்கே போயின என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் பூட்டையே மாற்றுங்கள். எண் பலகை இல்லாத அந்த மாதிரிப் பெட்டிகளில் அன்றாடச் சாவியும் மேலே சொன்ன நான்கு சக்கரப் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

மச்சான், மனைவி, சட்டம்

மச்சானிடம் கொடுப்பது நல்ல யோசனையல்ல. அவர் மேல் நம்பிக்கைக் குறைவால் அல்ல. அடுத்த வீடு என்பதால் சாவிக்கும் சேஃபுக்கும் நடுவே ஒரு வேலிதான் இருக்கிறது. அந்த வீட்டிலும் பிள்ளைகள் உண்டு, அந்த வீட்டிலும் ஒளிக்கும் இடம் பானைதான். லாக்கருக்கு வழியே இல்லையென்றால், நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தனி வீட்டில் இருக்கும் மகனோ மகளோ முத்திரையிட்ட உறையைத் தங்கள் பூட்டிய அலமாரியில் வைக்கலாம். ஒரு பஸ் பயணத் தூரம் இருந்தால், யாரும் அவசரப்பட்டு எடுத்து வர மாட்டார்கள். அந்த உறையில் என்ன என்று பேரப் பிள்ளைகள் காதில் விழாமல் இருந்தால் சரி.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் உரிமம் உங்கள் பெயருக்கு மட்டும்தான். மனைவிக்கோ மச்சானுக்கோ சாவி கையில் இருப்பது, துப்பாக்கி கையில் இருப்பதற்கு ஓரடி தூரம்தான். உரிமத்தில் ரீடெய்னர் (உரிமதாரருக்காகத் துப்பாக்கியை வைத்திருக்க அனுமதி பெற்றவர்) என்று யார் பெயரும் சேர்க்காதவரை அந்த ஓரடியை யாரும் கடக்க வாய்ப்பே தரக் கூடாது. பாதுகாப்பாக வைக்கும் பொறுப்பு உங்களுடையது. உரிம நிபந்தனையை மீறினால் அதே சட்டத்தின் 30ஆவது பிரிவில் 6 மாதம்வரை சிறையோ 2,000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ வரலாம். தொகை சிறிது என்று தோன்றும். ஆனால் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது ஒரு வழக்கு கோப்பில் இருந்தால் அதன் கதை வேறு.

வீட்டுக்காரியின் கேள்வி நியாயமானது: 'நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் நான் என்ன செய்வேன்?' பதில், சேஃபைத் திறக்க வேண்டியதே இல்லை. காட்டுப்பன்றி மரச்சீனியைக் கிண்டினாலும் சரி, திருடன் வந்தாலும் சரி, உரிமம் இல்லாதவர் அதை எடுக்கக் கூடாது. நீங்கள் நீண்ட நாள் படுக்கையில் இருக்க நேர்ந்தால் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போன் செய்து, துப்பாக்கியை அங்கே ஒப்படைக்கும் வழியைக் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் தாங்களாகச் சுமந்துகொண்டு போகக் கூடாது.

ஒரு தாளில் இவ்வளவு எழுதிப் பட்டா, ரேஷன் கார்டு வைக்கும் கோப்பில் வையுங்கள்: சேஃபில் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கிறது; உரிமப் புத்தகம் இன்ன இடத்தில்; சாவி லாக்கரில்; நான் இல்லாமல் போனால் திறக்குமுன் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். உரிமதாரர் இறந்தால் வாரிசுகள் துப்பாக்கியைத் தேவையற்ற தாமதம் இல்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும், சட்டத்தின் 21ஆவது பிரிவு அது. பிறகு விற்பதா, வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்பதா என்பதை ஆறுதலாக முடிவு செய்யலாம். தாளில் சாவி இருக்கும் இடத்தை எழுதலாம். எண்களை எழுதக் கூடாது.

இதைக் கேட்பது சங்கடமாக இருக்கும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். வீட்டில் யாராவது மனம் உடைந்து இருந்தால், குடியில் நிதானம் இழப்பவர் இருந்தால், வாழ்க்கை வெறுத்துப் பேசினால், அது நீங்களாகவே இருந்தாலும், இரண்டு சாவியையும் வெளியே அனுப்புவது போதாது. எண் தெரிந்தவர் வீட்டிலேயே இருக்கிறார். அந்தக் காலம் கடக்கும்வரை துப்பாக்கியையே விற்பனையாளரிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்துவிடுங்கள். மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

பேரன் வரும் மாதங்களுக்கு இன்னொரு தடையும் போடலாம். இரட்டைக் குழலில் குழலைக் கழற்றுவது ஒரு நிமிட வேலை. குழலைச் சேஃபிலும், கட்டைப் பகுதியை வேறு பூட்டிய அலமாரியிலும் வையுங்கள். குழலின் அடியில் கை பிடிக்கும் முன்கைக் கட்டையை மட்டும் எடுத்து ஒளிப்பது போதாது. அது இல்லாமலும் துப்பாக்கியைச் சேர்க்க முடியும். தோட்டா எப்போதும் மூன்றாவது பூட்டில், அதன் சாவி சேஃப் சாவியோடு ஒரே உறையில் இல்லாமல்.

சாவி தொலைந்தால்

தேடும் வேலையை ஒரு நாளோடு நிறுத்துங்கள். வீட்டுக்குள் எங்கோ விழுந்தது என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால், அது வேறொருவர் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். சேஃபையும் தோட்டா இருக்கும் பூட்டையும் திறந்து துப்பாக்கியும் தோட்டாவும் கணக்குப்படி இருக்கின்றனவா என்று பாருங்கள். குறைந்தால் அந்த நிமிடமே காவல் நிலையம்; தொலைந்ததையும் திருடு போனதையும் உடனே தெரிவிப்பது உரிம நிபந்தனை. எல்லாம் இருந்தால், பூட்டு மாறும்வரை துப்பாக்கியை விற்பனையாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். மிச்சமிருக்கும் சாவியைப் பார்த்து இன்னொன்று வெட்டுவது தீர்வாகாது; தொலைந்த சாவி அப்போதும் திறக்கும். அவசரச் சாவித் துளையின் பூட்டு உறுப்பை முழுதாக மாற்ற வேண்டும், இரண்டு புதுச் சாவியோடு. விலை குறைந்த சில டிஜிட்டல் சேஃப்களில் சாவி வகைகளே குறைவு, ஒன்றின் சாவி இன்னொன்றையும் திறக்கலாம். மாற்றும்போது கொஞ்சம் கூடக் கொடுத்து நல்ல உறுப்பாகக் கேளுங்கள்.

பூட்டு மாற்ற மெக்கானிக் வரும்போது சேஃப் காலியாக இருக்க வேண்டும். உள்ளே என்ன இருந்தது என்பது அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. உங்களுக்கு அவசரமில்லையென்றால் இந்த வேலைகளுக்கெல்லாம் வசதியான ஒரு காலம் தானே வரும். தேர்தல் அறிவித்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்த வாரங்களில் சேஃப் வெறுமையாக நிற்கும். சுவரில் துளையிட ஆள் வருவதையும், பூட்டு மாற்றுவதையும், சேஃபைத் தரையோடு போல்ட் போட்டு நிறுத்துவதையும் அப்போது வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைத்ததற்கான ரசீதை உரிமப் புத்தகத்துக்குள் வையுங்கள். திரும்ப வாங்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.